குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் தண்டனை ஆனால் வேலைக்கு என்ன ஆகும்?

குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு ஃபைன்?" என்பதைத்தான். அதற்கு அடுத்து "லைசென்ஸ் போய்விடுமா?" என்று கேட்பார்கள். "என் வேலைக்கு என்ன ஆகும்?" என்ற கேள்வி பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறது. புதிய நிறுவனம் ஒன்று ஒரு படிவத்தை நீட்டி, "உங்கள் மீது குற்ற வழக்கு ஏதும் இருந்ததா?" என்று கேட்கிற இடத்தில் பேனா நின்றுவிடும். அப்போதுதான் பலரும் விவரம் தேட ஆரம்பிக்கிறார்கள். கிடைக்கிற விவரமோ இரண்டு விதமாக இருக்கிறது. ஒரு பக்கம் "ஒன்றும் ஆகாது, சும்மா டிராஃபிக் கேஸ்தானே" என்கிறார்கள். இன்னொரு பக்கம் "வாழ்க்கையே போச்சு" என்கிறார்கள். இரண்டுமே தவறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போதையில் வண்டி ஓட்டுவது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது. அதற்குத் தண்டனை இருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் தண்டனையை அனுபவித்து முடித்த ஒருவர், விவரம் தெரியாத ஒரே காரணத்தால் வேலையையும் இழந்து, குடும்பத்தையும் திண்டாட விடுவது வேறு விஷயம். அப்படி இழந்தவர்களில் பலர் உண்மையில் வேலையை இழந்தது குடித்ததற்காக அல்ல, மறைத்ததற்காக. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

பிடிபடுவது வேறு, தண்டனை பெறுவது வேறு

சாலையில் போலீஸ் நிறுத்தி கருவியில் ஊதச் சொல்கிறது. அளவு அதிகமாக இருக்கிறது. வழக்குப் பதிவாகிறது. இதுவரை நடந்தது குற்றச்சாட்டு மட்டுமே. நீதிமன்றம் "இவர் குற்றவாளி" என்று சொன்ன பிறகுதான் அது தண்டனைத் தீர்ப்பு ஆகிறது. வேலைக்கான படிவங்கள் பல இந்த இரண்டையும் தனித்தனியாகவே கேட்கும். வழக்கு நிலுவையில் உள்ளதா என்பது ஒரு கேள்வி, தண்டனை பெற்றீர்களா என்பது வேறொரு கேள்வி.

பலர் சறுக்குவது இங்கேதான். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு இந்தக் குற்றத்தைச் சொல்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். ஹெல்மெட் போடாததற்குச் சாலையிலேயே பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போவது போல இதை முடிக்க முடியாது. சமரசக் கட்டணம் கட்டித் தீர்த்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 185 இல்லை. நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும்.

நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது? பெயர் கூப்பிடுவார்கள். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார்கள். "ஒப்புக்கொள்கிறேன் ஐயா" என்றால் அபராதத் தொகையைச் சொல்வார்கள். கவுன்டரில் கட்டினால் வழக்கு முடிந்தது. சில நிமிட வேலை. வெளியே வருகிறவர் மனதில் "ஃபைன் கட்டிவிட்டேன், தண்டனை எதுவும் இல்லை" என்றுதான் பதிகிறது. ஆனால் சட்டத்தின் கணக்கில் அந்தச் சில நிமிடத்தில் நடந்தது ஒரு தண்டனைத் தீர்ப்பு. சிறைக்குப் போகவில்லை என்பதால் அது தண்டனை இல்லை என்று ஆகிவிடாது. அபராதமும் தண்டனைதான். பின்னாளில் ஒரு படிவத்தில் "இல்லை" என்று எழுதி மாட்டிக்கொள்கிறவர்களில் பலர் வேண்டுமென்றே பொய் சொன்னவர்கள் அல்ல. இந்த ஒரு வித்தியாசம் தெரியாதவர்கள்.

அதற்காக, ஒப்புக்கொள்ளவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒப்புக்கொள்வதால் என்ன வரும் என்று தெரிந்து ஒப்புக்கொள்ளுங்கள். அரசு வேலை, வெளிநாட்டு விசா, தொழில்முறை உரிமம் போன்ற ஏதாவது உங்கள் வாழ்க்கையில் இருந்தால், அந்தச் சில நிமிடத்துக்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுவது நல்லது.

முதல் அடி லைசென்ஸில் விழும்

வேலையை உடனடியாகப் பாதிப்பது குற்றப் பதிவை விட லைசென்ஸ்தான். வண்டி ஓட்டுவதே தொழிலாக இருப்பவருக்கு லைசென்ஸ் போன அன்றே வருமானமும் நிற்கிறது.

நாட்டுக்கு நாடு இதன் கடுமை மாறும். பிரிட்டனில் குடித்து ஓட்டியது நிரூபணமானால் பொதுவாகக் குறைந்தது 12 மாதத் தடை, பத்து ஆண்டுக்குள் இரண்டாம் முறை என்றால் மூன்று ஆண்டு. சிங்கப்பூரில் ஓராண்டோ அதற்கு மேலோ தடை விழுந்தால் பழைய லைசென்ஸ் செல்லாது. தடை முடிந்த பிறகு மறுபடி முதலிலிருந்து தேர்வு எழுதி வாங்க வேண்டும். இந்தியாவில் லைசென்ஸைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திவைக்கவும் தகுதியிழப்பு செய்யவும் போக்குவரத்து அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இருக்கிறது.

லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்குச் சட்டம் இன்னும் கடுமை. அமெரிக்காவில் பெரும்பாலான மாகாணங்களில் சாதாரண ஓட்டுநருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.08 சதவீதம். கனரக வாகனம் ஓட்டும்போது அதே வரம்பு 0.04, அதாவது பாதி. அதோடு, வணிக லைசென்ஸ் வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை தன் சொந்தக் காரில் குடித்து ஓட்டிப் பிடிபட்டுத் தண்டனை பெற்றாலும் அவருடைய வணிக லைசென்ஸுக்கு ஓராண்டு தடை. ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டியை ஓட்டும்போது நடந்திருந்தால் மூன்று ஆண்டு. இரண்டாவது முறை என்றால் ஆயுள் தடை. பத்து ஆண்டு கழித்து மறுபடி கேட்க வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதி இல்லை. "டியூட்டியில் இல்லாதபோதுதானே குடித்தேன்" என்ற வாதம் அங்கே எடுபடாது.

தான் ஓட்டுநர் இல்லை என்பதால் தனக்குக் கவலை இல்லை என்று நினைப்பவர்களும் ஒரு முறை தங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும். மருந்து விற்பனைப் பிரதிநிதி, வீடு வீடாகப் போகும் சர்வீஸ் டெக்னீஷியன், பல தளங்களைச் சுற்றிப் பார்க்கும் மேற்பார்வையாளர், வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் என்று இவர்கள் யாரும் ஓட்டுநர்கள் இல்லை. ஆனால் "செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்க வேண்டும்" என்ற வரி அவர்கள் ஒப்பந்தத்தில் எங்கேயாவது இருக்கும். லைசென்ஸ் போனால் வேலையின் நிபந்தனையே உடைகிறது. நல்ல நிறுவனங்கள் தடைக்காலம் முடியும்வரை அலுவலகத்துக்குள் வேறு பொறுப்பு கொடுத்துப் பார்க்கும். அப்படிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

இதில் காப்பீட்டு நிறுவனமும் ஒரு கை வைக்கும். கம்பெனி வண்டிகளுக்கு மொத்தமாகக் காப்பீடு எடுக்கும் முதலாளியிடம், யார் யார் ஓட்டப்போகிறார்கள் என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கலாம். குடித்து ஓட்டிய பதிவு உள்ளவர் என்றால் பிரீமியத்தைக் கூட்டலாம், அல்லது "இவர் ஓட்டினால் எங்களுக்குப் பொறுப்பில்லை" என்றே சொல்லிவிடலாம். மேலாளருக்கு உங்களைப் பிடித்திருக்கும், உங்கள் வேலையும் பிடித்திருக்கும். இருந்தும் சாவியைக் கொடுக்க முடியாத நிலைக்கு அவர் வந்துவிடுவார். நேர்காணலில் எல்லாம் நன்றாகப் போய், கடைசி நேரத்தில் காரணம் சொல்லாமல் நின்றுபோகும் சில வேலைகளுக்குப் பின்னால் இது இருக்கக்கூடும்.

படிவத்தில் இருக்கும் அந்த ஒரு கேள்வி

இனி எல்லோரையும் தொடும் பகுதி. வேலைக்கு எடுக்கும் முன்பு பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். அதில் இரண்டு பக்கம் இருக்கிறது. நீங்கள் எழுதித் தருவது ஒன்று, அவர்களாகத் தேடிக் கண்டுபிடிப்பது இன்னொன்று. சிக்கல் வருவது இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான்.

இந்திய மத்திய அரசு வேலைக்கான சான்றுறுதிப் படிவத்தைப் பாருங்கள். "எப்போதாவது தண்டனை பெற்றீர்களா" என்று மட்டும் அது கேட்பதில்லை. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, உங்கள் மீது வழக்கு நடந்ததா, காவலில் வைக்கப்பட்டீர்களா, நீதிமன்றம் அபராதம் விதித்ததா, குற்றவாளி என்று தீர்ப்பானதா, இப்போது ஏதாவது வழக்கு நிலுவையில் உள்ளதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. "நீதிமன்றம் அபராதம் விதித்ததா" என்ற அந்த ஒரு வரி போதும், நாம் மேலே பார்த்த சில நிமிட வழக்கு அப்படியே உள்ளே வந்துவிடும். படிவத்தின் தலையிலேயே எச்சரிக்கையும் இருக்கிறது. பொய்த் தகவல் தந்தாலோ உண்மையை மறைத்தாலோ அதுவே தகுதியிழப்பு ஆகும் என்று.

தனியார் நிறுவனங்களின் கேள்வி வேறு மாதிரி இருக்கும். சிலர் "கிரிமினல் குற்றத்தில் தண்டனை உண்டா" என்று கேட்பார்கள். சிலர் "கடந்த ஏழு ஆண்டுகளில்" என்று வரையறுப்பார்கள். சிலர் "போக்குவரத்து விதிமீறல் தவிர" என்று விலக்கு தருவார்கள். கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் முக்கியம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குடித்து ஓட்டுவது போக்குவரத்துக் குற்றமாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கிறது, கிரிமினல் குற்றமாக அல்ல. விஸ்கான்சினில் முதல் முறை பிடிபட்டால் அது சிவில் வகை. மற்றபடி பெரும்பாலான மாகாணங்களில் அது கிரிமினல். ஒரே செயலைச் செய்த இரண்டு பேர், ஒரே கேள்விக்கு வெவ்வேறு உண்மையான பதிலைத் தரலாம். ஆகவே பதற்றத்தில் டிக் அடிக்காமல், கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டு, உங்கள் தீர்ப்பு நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள்.

"எங்கே கண்டுபிடிக்கப் போகிறார்கள்?" என்ற நினைப்பை விட்டுவிடுவது நல்லது. இந்தியாவில் நீதிமன்ற வழக்குகளை இணையத்திலேயே பெயர் போட்டுத் தேட முடிகிறது. சரிபார்ப்பு நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. அமெரிக்காவில் வண்டி ஓட்டும் வேலைக்கு எடுப்பவர்கள் ஓட்டுநர் பதிவேட்டைத் தனியாக வாங்கிப் பார்ப்பார்கள். கலிஃபோர்னியாவில் அந்தப் பதிவேட்டில் இந்தக் குற்றம் பத்து ஆண்டு இருக்கும். நீதிமன்றப் பதிவும் ஓட்டுநர் பதிவும் இரண்டு தனித்தனிப் புத்தகங்கள். ஒன்றில் அழிந்தாலும் மற்றதில் இருக்கலாம்.

அரசு ஊழியராக இருந்தால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயமும் வதந்தியும் அதிகம் இருப்பது இங்கேதான். "கேஸ் ஆனாலே டிஸ்மிஸ்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மை அல்ல.

இந்திய அரசியலமைப்பின் 311ஆவது பிரிவு, குற்ற வழக்கில் தண்டனைக்குக் காரணமான நடத்தைக்காக ஓர் அரசு ஊழியரைத் துறை விசாரணை இல்லாமலே பணிநீக்கம் செய்ய அனுமதிக்கிறது. இதைப் படித்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். ஆனால் அது அனுமதி, கட்டாயம் அல்ல. 1985இல் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிப் பேசும்போது, நிறுத்தக் கூடாத இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஊழியரை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று அரசியலமைப்பு நினைக்கவில்லை என்றது. அதிகாரம் இருக்கிறது, அதை நியாயமாகவும் அளவோடும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் பொருள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் விடுவித்தாலும், அதைக் காட்டித் துறை நடவடிக்கையைத் தடுக்க முடியாது.

1996இல் வந்த மற்றொரு வழக்கு இன்னும் நெருக்கமானது. ஒருவர் சில்லறைக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு 20 ரூபாய் அபராதம் கட்டியிருக்கிறார். அதைக் காட்டி அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ஏற்கவில்லை. மக்கள் அலைச்சலுக்குப் பயந்தே இப்படிப்பட்ட வழக்குகளை ஒப்புக்கொண்டு முடித்துவிடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டு, சிறிய அபராதத்தோடு முடியும் தண்டனைகள் அரசு வேலையைப் பாதிக்காதபடி சட்டம் கொண்டுவர நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. அது குடித்து ஓட்டிய வழக்கு அல்ல. 185இன் அபராதமும் 20 ரூபாய் அல்ல. ஆனாலும் ஒரு வழக்கின் கனத்தை எப்படி எடைபோட வேண்டும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

பிறகு 2016. மூன்று நீதிபதிகள் அமர்வு, வேலைக்கான படிவத்தில் வழக்கு விவரத்தை மறைப்பது பற்றி விரிவாகவே நெறிமுறை வகுத்தது. அதன் சாரம்: தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். வழக்கு மிகச் சாதாரணமானது என்றால், மறைத்திருந்தாலும் அதை மன்னிக்க முதலாளிக்கு இடம் உண்டு. உண்மையைச் சொல்லியிருந்தாலும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது, பின்னணியைப் பார்க்கும் உரிமை முதலாளிக்கு இருக்கிறது. படிவம் தெளிவாகக் கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்பதற்காக மறைத்தார் என்று குற்றம் சாட்ட முடியாது.

இவற்றோடு நடைமுறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர் எந்தக் காரணத்துக்காகவாவது 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், விதிப்படி அவர் தானாகவே தற்காலிகப் பணிநீக்கத்தில் வந்துவிடுவார். கைதையும் தண்டனையையும் மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் அவருக்கு உண்டு. யாரோ சொல்லி மேலதிகாரிக்குத் தெரியவருவதற்கும், நீங்களே எழுத்தில் கொடுப்பதற்கும் துறை விசாரணையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

எத்தனை காலம் துரத்தும்?

பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குறிப்பிட்ட காலம் கழிந்த தண்டனையைக் காலாவதியானதாக எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு சாதாரண வேலைகளுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. அபராதம் மட்டும் என்றால் பொதுவாக ஓராண்டு. ஆனால் குடித்து ஓட்டிய வழக்கில் லைசென்ஸிலும் குறிப்பு ஏறுவதால் ஐந்து ஆண்டு ஆகிவிடுகிறது. லைசென்ஸில் அந்தக் குறிப்பு இருப்பதோ பதினோரு ஆண்டு. ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்து லைசென்ஸைக் காட்டுபவர் குழம்பிப்போவது இதனால்தான்.

கனடாவில் தண்டனையை முழுதாக முடித்து, குற்றத்தின் வகையைப் பொறுத்து ஐந்து அல்லது பத்து ஆண்டு கழிந்த பிறகு பதிவை ஒதுக்கிவைக்க விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. சில இடங்களில் பதிவை நீக்க வழி இருக்கிறது, சில இடங்களில் மற்றக் குற்றங்களுக்கு இருக்கும் வழி குடித்து ஓட்டியதற்கு மட்டும் கிடையாது. அங்கே 2012இல் வேலை வாய்ப்புச் சமத்துவ ஆணையம் முதலாளிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் தந்தது. குற்றம் எவ்வளவு கடுமையானது, நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று, வேலையின் தன்மை என்ன என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அது. ஆறு ஆண்டுக்கு முன் ஒரு முறை பிடிபட்ட கணக்காளரையும், போன மாதம் பிடிபட்ட பள்ளிப் பேருந்து ஓட்டுநரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. எந்த நாட்டில் இருந்தாலும் நியாயமான முதலாளி யோசிப்பது ஏறக்குறைய இப்படித்தான்.

வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது

விசாவில் இருப்பவருக்கு லைசென்ஸை விடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. வேலை செய்யும் உரிமையே ஆட்டம் காணலாம்.

கனடாவில் 2018 டிசம்பர் 18 முதல் போதையில் வண்டி ஓட்டுவதற்கான அதிகபட்ச தண்டனை ஐந்து ஆண்டிலிருந்து பத்து ஆண்டாக உயர்ந்தது. இதனால் குடிவரவுச் சட்டத்தில் அது "கடும் குற்றம்" என்ற வகைக்குள் போய்விட்டது. நிரந்தர வசிப்புரிமை அட்டை (பி.ஆர். கார்டு) வைத்திருப்பவர்கூட, நடைமுறையில் அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டிருந்தாலும், நாட்டில் தங்கும் தகுதியை இழக்கும் வழக்கைச் சந்திக்க நேரலாம். பலர் இதை அறியாமல், "முதல் முறைதானே" என்று குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமலே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டிலிருந்து ஒரு நடைமுறை இருக்கிறது. விசாவில் இருப்பவர் குடித்து ஓட்டியதற்காகக் கைதானாலே, தீர்ப்புக்குக் காத்திராமல் அவருடைய விசா முத்திரையை ரத்து செய்ய முடியும். உள்ளே இருக்கும்வரை வேலை தொடரலாம். வெளியே போனால் மறுபடி விசா வாங்க மருத்துவப் பரிசோதனை உட்படப் பல படிகள். ஊருக்குப் போய்ச் சிக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்ப முடியாமல் தவிப்பது இப்படித்தான் நடக்கிறது.

இந்தியப் பாஸ்போர்ட்டில் நிலைமை சற்று விசித்திரம். முடிந்துபோன அபராத வழக்கை விட நிலுவையில் இருக்கும் வழக்குதான் அங்கே பெரிய தடை. 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். வேண்டுமென்றால் அந்த நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும். வழக்கு தேதியைத் தட்டிக்கழித்துக்கொண்டே போகிறவர்கள், வெளிநாட்டு வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்த பிறகு இதை உணர்கிறார்கள்.

சில தொழில்களில் முதலாளியைத் தாண்டி இன்னொரு அமைப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். பிரிட்டனில் மருத்துவர் மீது குற்றச்சாட்டு பதிவானாலே தாமதமின்றி மருத்துவக் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விமானி, தன் காரில் குடித்து ஓட்டியதற்காகத் தண்டனை பெற்றாலோ லைசென்ஸ் பறிபோனாலோ 60 நாளுக்குள் விமானத் துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அங்கே வணிக லைசென்ஸ் ஓட்டுநர் 30 நாளுக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிடுவதே தனிக் குற்றமாக எண்ணப்படும்.

இப்போதிருக்கும் வேலை போய்விடுமா?

அலுவலக வேலை, லைசென்ஸ் தேவையில்லை, சிறை இல்லை, அபராதம் மட்டும் என்றால் பெரும்பாலும் வேலை நிற்காது. பிரிட்டனில் தொழில் தகராறுகளுக்கான அரசு அமைப்பின் நடத்தை விதி, ஊழியர் மீது வழக்கு வந்ததோ தண்டனை ஆனதோ மட்டுமே ஒழுங்கு நடவடிக்கைக்குப் பொதுவாகக் காரணமாகாது என்கிறது. அந்த வேலையைச் செய்ய அவர் தகுதியாக இருக்கிறாரா, சக ஊழியர், வாடிக்கையாளரோடு உறவு பாதிக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது.

நிலைமை மாறுவது எப்போது? கம்பெனி வண்டியில் பிடிபட்டால், வேலை நேரத்தில் என்றால், விபத்தில் யாராவது அடிபட்டால், சிறைத் தண்டனையால் வேலைக்கு வர முடியாமல் போனால், இரண்டாவது முறை என்றால். இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலாளியின் பார்வை மாறும். மாறுவது நியாயமும்கூட.

எப்படிச் சொல்வது?

கேட்காத இடத்தில் வலியப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, ஒப்பந்தமோ தொழில் விதியோ சொல்லச் சொன்னால் தவிர. கேட்டால் மறைக்கக் கூடாது. எச்.ஆர். முன்னால் உட்கார்ந்து நீளமாகக் கதை சொல்வதும் தேவையில்லை. நண்பர்கள் வற்புறுத்தினார்கள், போலீஸ் வேண்டுமென்றே பிடித்தது, கருவி சரியில்லை என்று ஆரம்பித்தால், இவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார். நான் பரிந்துரைப்பது இந்த அளவுதான்:

"2021இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக என் மீது வழக்கு ஆனது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். லைசென்ஸ் தடைக்காலமும் முடிந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. அதற்கு முன்பும் பிறகும் எந்த வழக்கும் இல்லை. தீர்ப்பு நகல் கொண்டுவந்திருக்கிறேன்."

ஆண்டு, குற்றம், முடிவு, இப்போதைய நிலை. அவ்வளவு போதும். இதில் ஒவ்வொன்றும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. சொல்லும் நேரமும் முக்கியம். அவர்கள் சரிபார்ப்புக்கு அனுப்பும் முன்பே, அவர்கள் கேட்கும் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள். அறிக்கை வந்த பிறகு தரும் விளக்கம், எவ்வளவு உண்மையாக இருந்தாலும், சமாளிப்பாகவே கேட்கும்.

தீர்ப்பு நகல் என்று சொன்னேன் அல்லவா, அதை வழக்கு முடிந்த வாரத்திலேயே நீதிமன்றத்தில் சான்றிட்ட நகலாக வாங்கிவிடுங்கள். அபராத ரசீதும் கூடவே இருக்கட்டும். பத்து ஆண்டு கழித்து வழக்கு எண் மறந்த பிறகு அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. பிரிட்டன் போன்ற இடங்களில் நீதிமன்றம் மறுவாழ்வு வகுப்புக்குப் போகும் வாய்ப்பைத் தந்தால் மறுக்காதீர்கள். முடித்தால் தடைக்காலத்தில் கால் பங்கு வரை குறையும், சான்றிதழும் கையில் இருக்கும். குடியை விட முடியாமல் தவிப்பவர் என்றால், வகுப்புக்குச் சொல்லும் வரை காத்திருக்காமல் முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சையில் இருக்கிறேன் என்ற மருத்துவரின் கடிதத்தைப் பொருட்படுத்தும் முதலாளிகள் இருக்கிறார்கள். நீதிபதிகளும் இருக்கிறார்கள்.